பெண் பிள்ளைகளிடம் ஒன்றும் இல்லையா? டிவி பார்க்கும் பழக்கம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பதின்வயதுப் பையன்களும் பெண்களும் டிவி பார்ப்பதில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாரும் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவார்கள். பையனுக்கு அடிதடியும் விளையாட்டும், பெண்ணுக்கு உறவுச் சிக்கலும் கண்ணீரும். இந்தப் பதில் முழுப் பொய்யாக இருந்திருந்தால் நல்லது, எப்போதோ தூக்கிப் போட்டிருப்போம். பாதி உண்மையாக இருந்து தொலைப்பதால், மீதிப் பாதியை யாரும் தோண்டிப் பார்ப்பதே இல்லை. அந்த மீதிப் பாதிக்காகத்தான் ஒரு பழைய ஆய்வை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளையும் டிவியையும் பற்றிப் பேசுகிற எல்லாரும் எங்காவது இதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள், ஆனால் அதில் பெண் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது.

இடம், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கொலம்பியா கவுண்டி, கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆண்டு 1960. அந்தக் கவுண்டியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அநேகமாக ஒருவர் விடாமல் சேர்த்தார்கள், மொத்தம் 856 பேர், எல்லாருக்கும் எட்டு வயது வாக்கில். நடத்தியவர்கள் லியோனார்ட் ஈரன், லியோபோல்ட் வால்டர், மன்ரோ லெஃப்கோவிட்ஸ் என்ற உளவியலாளர்கள். பிற்பாடு ரோவல் ஹியூஸ்மன் வந்து சேர்ந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால் டிவி அவர்கள் தேடிப் போன விஷயமே இல்லை. பிள்ளைகளின் முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது, பெற்றோரின் வளர்ப்பில் இருந்தா, தண்டனையில் இருந்தா என்றுதான் பார்க்கப் போனார்கள். பிள்ளையை எப்படி அடிப்பீர்கள், எப்போது திட்டுவீர்கள் என்று பெற்றோரிடம் வரிசையாகக் கேட்டால் அவர்கள் இறுகிப்போவார்கள் அல்லவா, அதைத் தளர்த்த நடுநடுவே சில சாதாரணக் கேள்விகளைப் போட்டு வைத்தார்கள். உங்கள் பிள்ளைக்குப் பிடித்த டிவி நிகழ்ச்சிகள் என்னென்ன என்பது அந்த ரகம். சும்மா பேச்சுக்குக் கேட்ட அந்தக் கேள்விதான் கடைசியில் மற்ற எல்லாவற்றையும்விடப் பேர் வாங்கியது.

எப்படி அளந்தார்கள் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிற குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிவி பக்கம்: பிள்ளைக்கு மிகவும் பிடித்த மூன்று நிகழ்ச்சிகளைத் தாய் சொல்ல வேண்டும். அந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் வன்முறை உள்ளதா இல்லையா என்று தனியாகத் தரம் பிரிக்கப்பட்டது. முரட்டுத்தனத்தின் பக்கம்: வகுப்புப் பிள்ளைகளையே கேட்டார்கள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டையைத் தொடங்குவது யார்? மற்றவர்களைப் பிடித்துத் தள்ளுவது யார்? கேட்காமல் அடுத்தவர் பொருளை எடுப்பது யார்? இப்படிப் பத்துக் கேள்விகள். எத்தனை பேர் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்கிறார்களோ அவ்வளவு மதிப்பெண். பொய்க் கதை கட்டி மற்றவர்களை மாட்டிவிடுவது யார் என்றும் ஒரு கேள்வி இருந்தது, ஆனாலும் பெரும்பாலானவை கண்ணுக்கு முன்னால் வெளிப்படையாக நடக்கிற சேட்டைகள்தான். இந்த முறை நல்ல முறை, ஆசிரியரைக் கேட்பதைவிடவும் பிள்ளையையே கேட்பதைவிடவும் நம்பத் தகுந்தது. வகுப்பில் யார் எப்படி என்று கூடப் படிக்கிறவர்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

அன்றைய டிவியில் என்ன ஓடியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள். எங்கு திரும்பினாலும் குதிரை, துப்பாக்கி, ஷெரீஃப் என்கிற ஊர்க் காவல் அதிகாரி. ‘கன்ஸ்மோக்’ என்ற தொடர் 1957-இல் தொடங்கிய பருவத்திலிருந்து தொடர்ந்து நான்கு பருவங்கள் பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது. சுடுகிறவன் ஆண், சுடப்படுகிறவன் ஆண், நியாயம் பேசி முடித்து வைக்கிறவனும் ஆண். பெண் பாத்திரங்கள் இருந்தார்கள், அடிதடியில் அவர்களுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

பத்து ஆண்டுகள் கழித்து

அந்தப் பிள்ளைகள் 18, 19 வயதானபோது ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். 427 பேரைக் கண்டுபிடித்துப் பேச முடிந்தது: 211 ஆண்கள், 216 பெண்கள். இந்தத் தடவை பிடித்த நிகழ்ச்சிகளை அவர்களே சொன்னார்கள். முரட்டுத்தனத்துக்குப் பழைய வகுப்புத் தோழர்களையே மறுபடி கேட்டார்கள்.

1972-இல் முடிவு வெளியானது. எட்டு வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்த்த பையன்கள் 19 வயதில் மற்றவர்களைவிட முரடாக இருந்தார்கள், அந்தத் தொடர்பின் அளவு 0.31 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). தலைகீழாகப் போட்டுப் பார்த்தபோது, அதாவது எட்டு வயதில் முரடாக இருந்தவன் 19 வயதில் வன்முறை நிகழ்ச்சியைத் தேடிப் போகிறானா என்று பார்த்தபோது, சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. அதனால் டிவிதான் முதலில், முரட்டுத்தனம் பின்னால் என்று வாதிட ஒரு பிடி கிடைத்தது. அதே 1972-இல் டிவி வன்முறை பற்றி அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் ஆலோசனைக் குழு அறிக்கையும் வெளியானது, இந்த ஆய்வு அந்தப் பெரிய முயற்சியின் ஒரு பகுதி. பேசுவதற்குக் கேட்கவா வேண்டும்.

சரி, 216 பெண்கள்? அவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. எட்டு வயதில் எதைப் பார்த்தாலும் 19 வயதில் அதன் சுவடு இல்லை. ஆகவே பேச்சு முழுக்கப் பையன்களைப் பற்றியதாக ஆனது, டிவி பையன்களைக் கெடுக்கிறது, பெண்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்று. ஆய்வு செய்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை, அவர்கள் விளக்கம் தேடினார்கள். ஆனால் ஓர் ஆய்வு வெளியே போகும்போது அதன் விளக்கங்களைக் கூடவே அழைத்துக்கொண்டு போவதில்லை.

ஏன் தென்படவில்லை

இதற்கு மூன்று நான்கு வழிகளில் பதில் சொல்லலாம், எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதலில் தாய் சொன்ன பட்டியல். எட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று தாயைக் கேட்டால், அவள் உட்கார்ந்து பார்த்ததையும் சொல்வார், ஒரு பெண் பிள்ளைக்குப் பிடித்திருக்க வேண்டியதையும் சொல்வார். வேண்டுமென்று செய்வதில்லை, கண்ணில் படுவதே அப்படித்தான் படும். அண்ணனோடு சேர்ந்து குதிரைக்காரன் தொடரை வாய் பிளந்து பார்த்த பெண், அம்மா கணக்கில் ‘அவன் பார்த்தான், இவளும் பக்கத்தில் இருந்தாள்’ என்று போய்விட வாய்ப்பு உண்டு. இது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை, ஆனால் பெற்றோரைக் கேட்டு எடுக்கிற எந்தக் கணக்கிலும் இந்த ஓட்டை இருக்கும்.

இரண்டாவது, திரையில் அவளுக்கு யார் இருந்தார்கள் என்பது. பையன் தன்னை அந்த ஷெரீஃபாக நினைத்துக்கொள்ளலாம். பெண் யாராக நினைத்துக்கொள்வாள்? வாசலில் நின்று கவலையோடு பார்க்கிற பெண்ணாகத்தான். ஒரே நிகழ்ச்சிதான், ஆனால் இருவரும் அதற்குள் நுழைகிற கதவு வேறு. ‘எவ்வளவு நேரம் பார்த்தாள், என்ன பார்த்தாள்’ என்று மட்டும் கேட்டால் இது பிடிபடாது.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமாகத் தெரிகிறது: கற்றுக்கொள்வது ஒன்று, கற்றதை வெளியே காட்டுவது வேறொன்று. இதற்கு இன்னொரு ஆய்வைத் துணைக்கு அழைக்க வேண்டும். ஆல்பர்ட் பாண்டுராவின் போபோ பொம்மைச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பெரியவர் ஒருவர் ஊதின பொம்மையைப் போட்டு அடிக்க, பார்த்த சிறு பிள்ளைகளும் அடிப்பார்கள். அந்த வரிசையில் 1965-இல் வெளிவந்த ஆய்வைப் பலர் கவனிப்பதில்லை. நர்சரிப் பள்ளிப் பிள்ளைகள் 66 பேர், பாதிப் பாதி ஆண் பெண். ஒரு டிவி பெட்டியில் அந்த அடிக்கும் காட்சியைக் காட்டினார்கள். சிலருக்கு, அடித்தவருக்குப் பரிசு கிடைப்பதாக முடிவு. சிலருக்கு, அடித்தவர் திட்டு வாங்குவதாக முடிவு. மற்றவர்களுக்கு ஒரு முடிவும் இல்லை. அப்புறம் பிள்ளைகளைப் பொம்மையோடு தனியே விட்டார்கள். பையன்கள் அதிகம் அடித்தார்கள், பெண்கள் குறைவாக, அதிலும் திட்டு வாங்கியதைப் பார்த்த பெண்கள் ரொம்பவே அடங்கி இருந்தார்கள். இதுவரை எல்லாரும் எதிர்பார்க்கிறதுதான். அதற்குப் பிறகுதான் பாண்டுரா ஒரு காரியம் செய்தார். படத்தில் பார்த்ததை அப்படியே செய்து காட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசு என்று பிள்ளைகளிடம் சொல்லச் செய்தார். அவ்வளவுதான், குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் போயே போய்விட்டது, ஆண் பெண் இடைவெளியும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

அந்தப் பெண் குழந்தைகள் ஒன்றையும் தவறவிடவில்லை. எப்படிக் குத்தினார், என்ன சொல்லிக்கொண்டே குத்தினார் எல்லாம் தலையில் ஏறியிருந்தது. செய்தால் என்ன ஆகும் என்றும் அந்த வயதிலேயே தெரிந்திருந்தது, அதனால் செய்யவில்லை. நான்கு வயதுப் பிள்ளையை வைத்து 19 வயதுக்காரியைப் பற்றிப் பேசுவது தாவல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு வயதிலேயே இந்த அடக்கம் வேலை செய்கிறது என்றால் பதின்வயதில் அது தளர்ந்திருக்கும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, இறுகியிருக்கும் என்று நினைக்கத்தான் காரணங்கள் இருக்கின்றன. அப்படியானால் கொலம்பியா கவுண்டியில் ‘பெண்களிடம் ஒன்றும் இல்லை’ என்று வந்ததற்கு, ‘பெண்கள் காட்ட அனுமதிக்கப்பட்டதில் ஒன்றும் இல்லை’ என்றும் பொருள் இருக்கலாம்.

மறுபடி கேட்டபோது

இது வெறும் வாதமாக நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1977-இல் ஈரனும் ஹியூஸ்மனும் சிகாகோ பகுதியில் புதிதாக ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள், 557 பிள்ளைகள். இந்தத் தடவை நிகழ்ச்சிகளின் பட்டியலைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து எதைப் பார்க்கிறாய், எவ்வளவு அடிக்கடி என்று கேட்டார்கள், தாய் நடுவில் இல்லை. அதோடு, திரையில் வருகிறவர்களில் நீ யார் மாதிரி என்றும், அங்கே நடப்பது எவ்வளவு நிஜம் என்று நினைக்கிறாய் என்றும் கேட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, இருபதுகளில் இருந்த 329 பேரைத் திரும்பப் பிடித்தார்கள், 153 ஆண்கள், 176 பெண்கள். முடிவு 2003-இல் வெளிவந்தது.

இப்போது பெண்களிடமும் தொடர்பு இருந்தது. சிறு வயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தது, தன் பாலினத்து முரட்டுப் பாத்திரத்தோடு தன்னைச் சேர்த்துப் பார்த்தது, திரையில் நடப்பது நிஜம் போலவே இருக்கிறது என்று நம்பியது, மூன்றுமே பிற்கால முரட்டுத்தனத்தோடு ஒட்டியிருந்தன, ஆணுக்கும் பெண்ணுக்கும். உடல் வன்முறை இருபாலாரிடமும் கூடியது. மறைமுகமான வன்முறை, அதாவது பின்னால் பேசிக் கெடுப்பது, ஒருவரைக் கூட்டத்திலிருந்து ஒதுக்குவது மாதிரியானவை, பெண்களிடம் கூடியது. சிறு வயதில் வன்முறை நிகழ்ச்சியை மிக அதிகம் பார்த்த பெண்கள், இன்னொரு பெரியவரைக் குத்தியது, அடித்து நொறுக்கியது, கழுத்தை நெரித்தது என்று தாங்களே சொன்னவை மற்றப் பெண்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இவர்கள் ‘தப்பித்துக்கொண்ட’ பாலினம்!

நடுவில் என்ன மாறியது? ஹியூஸ்மன் குழு சொல்வது இரண்டு. பெண் முரடாக, துணிச்சலாக இருப்பதை ஊர் பொறுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. திரையும் மாறியிருந்தது: 1976-இல் ‘தி பயோனிக் உமன்’, அதே ஆண்டு செப்டம்பரில் ‘சார்லிஸ் ஏஞ்சல்ஸ்’. அடிக்கிறவள் பெண், அவள்தான் நாயகி, கடைசியில் ஜெயிப்பவளும் அவளே. 1960-இல் எட்டு வயதாக இருந்தவளுக்கு இல்லாத கதவு 1977-இல் எட்டு வயதாக இருந்தவளுக்குத் திறந்திருந்தது. என் பங்குக்கு மூன்றாவது ஒன்றைச் சேர்ப்பேன், கேள்வியும் மாறியது. தாயைக் கேட்பதை விட்டுப் பிள்ளையைக் கேட்டார்கள், வெளிப்படையான அடிதடியோடு மறைமுகமானதையும் தனியாக அளந்தார்கள். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த இரண்டு ஆய்வுகளை மட்டும் வைத்து முடியாது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 0.31 என்பதை வர்க்கப்படுத்தினால், முரட்டுத்தனத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் டிவியோடு சேர்த்துச் சொல்ல முடிகிற பங்கு கிடைக்கும், அது பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, மீதி ஒன்பது பங்குக்கு மேல் வேறு ஏதேதோ காரணம். 19 வயதில் பழைய வகுப்புத் தோழர்களைக் கேட்டபோது அவர்கள் இன்றைய ஆளைச் சொன்னார்களா, பள்ளியில் பார்த்த பழைய ஆளைச் சொன்னார்களா என்ற சந்தேகமும் எழுப்பப்பட்டது. டிவி வன்முறை ஆய்வுகளையே மொத்தமாகச் சந்தேகித்த ஜோனதன் ஃப்ரீட்மன் போன்ற உளவியலாளர்கள் உண்டு, அவர்களுடைய கேள்விகள் பலவும் நியாயமானவை. டிவி பிள்ளைகளை முரடாக்குகிறதா என்ற வழக்கில் தீர்ப்பு எழுத நான் வரவில்லை. தீர்ப்பு எப்படிப் போனாலும், அதே ஆய்வாளர்கள், அதே விஷயம், 17 ஆண்டு இடைவெளி, பெண்களிடம் இல்லாத ஒன்று வந்துவிட்டது. பிறப்பிலேயே வந்த வித்தியாசம் என்றால் 17 ஆண்டில் மாறாது.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்

இதுவரை சொன்னது எதைப் பார்க்கிறார்கள் என்பது பற்றி. எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் வீட்டில் நமக்கு நேரடியாகத் தெரிகிற வித்தியாசம் இருக்கிறது. ஊடக ஆய்வாளர் டேவிட் மோர்லி 1985-இல் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களிடம் பேசி எழுதியது இதற்கு நல்ல உதாரணம். ஆண்கள் வாய் பேசாமல், கண் எடுக்காமல், யாரும் குறுக்கே வராமல் பார்க்க விரும்பினார்கள். பெண்கள் ஏதாவது வேலை செய்துகொண்டே, பேசிக்கொண்டே பார்த்தார்கள், தனியாக உட்கார்ந்து தனக்குப் பிடித்ததைப் பார்ப்பது அவர்களுக்குக் குற்ற உணர்வோடு வந்தது. ரிமோட் அப்பா கையில். அப்பா இல்லாதபோது? மகன் கையில். அம்மாவுக்கோ மகளுக்கோ அது தானாக வந்து சேரவில்லை.

மோர்லி இதை ஆண் மூளை, பெண் மூளை என்று விளக்கவில்லை. ஆணுக்கு வீடு வேலை முடிந்து வந்து ஓய்ந்திருக்கும் இடம், பெண்ணுக்கு அதுவே வேலை செய்யும் இடம், பார்க்கிற விதம் அதிலிருந்து வருகிறது என்றார். அந்த வீட்டில் வளரும் 15 வயதுப் பையன் கற்றுக்கொள்வது கவனமாகப் பார்க்கும் உரிமையை, 15 வயதுப் பெண் கற்றுக்கொள்வது எழுந்திருக்கத் தயாராக இருந்துகொண்டே பார்க்கும் பழக்கத்தை. பிறகு யாராவது கேள்வித்தாளோடு வந்து ‘பெண்கள் கவனக்குறைவாகப் பார்க்கிறார்கள்’ என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் ரசனையே ஆடுகிறது. டால்ஃப் ஜில்மனும் சகாக்களும் 1986-இல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்களை எதிர்பாலினத்தவர் ஒருவரோடு ஜோடியாக உட்காரவைத்துப் பயங்கரப் படம் காட்டினார்கள், அந்தக் கூட வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது முன்பே சொல்லி வைத்தது. பக்கத்தில் உள்ள பெண் பயந்து நடுங்கியபோது பையன்கள் படத்தை அதிகம் ரசித்தார்கள். பக்கத்துப் பையன் அசையாமல் இருந்தபோது பெண்கள் அதிகம் ரசித்தார்கள். படம் ஒன்றுதான். ‘பையன்களுக்குப் பேய்ப்படம் பிடிக்கும், பெண்களுக்குப் பிடிக்காது’ என்கிற நம்பிக்கையில் எவ்வளவு பேய்க்கு, எவ்வளவு பக்கத்து நாற்காலிக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஆளுக்கொரு திரை வந்துவிட்டதே, பக்கத்தில்தான் யாரும் இல்லையே என்பீர்கள். வித்தியாசம் கரையவில்லை, இடம் பெயர்ந்தது. அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015-இல் வெளியிட்ட கணக்கில், 13 முதல் 18 வயதுள்ள பையன்கள் வீடியோ கேமில் ஒரு நாளைக்குச் சராசரி 56 நிமிடம், பெண்கள் 7 நிமிடம். சமூக ஊடகத்தில் பெண்கள் 92 நிமிடம், பையன்கள் 52. டிவி ஒன்றே திரையாக இருந்தபோது நிகழ்ச்சித் தேர்வில் தெரிந்த பிளவு இப்போது சாதனத் தேர்விலும் ஆப் தேர்விலும் தெரிகிறது. அங்கேயும் கொலம்பியா கவுண்டியில் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: ஒரு பெண் கேம் ஆடுகிறாள் என்று தெரிந்தால் சுற்றி உள்ளவர்கள் என்ன சொல்வார்கள், ஒரு பையன் உறவுத் தொடரை ஒரே மூச்சில் பார்த்தேன் என்று வகுப்பில் சொன்னால் என்ன நடக்கும்?

பையன் பக்கத்தைப் பற்றி ஆய்வுகளே குறைவாகத்தான் பேசுகின்றன என்பது எனக்குள்ள குறை. முரட்டுத்தனம் என்றால் பையனைப் பார்ப்பது, உடல் தோற்றக் கவலை என்றால் பெண்ணைப் பார்ப்பது என்று ஆய்வாளர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். ஃபிஜி நாட்டின் ஒரு பகுதியில் 1995-இல் டிவி வந்தபின் பதின்வயதினரின் உணவுப் பழக்கம் என்ன ஆனது என்று ஆன் பெக்கர் செய்த புகழ்பெற்ற ஆய்வு முழுக்கப் பள்ளி மாணவிகளைப் பற்றியது. உண்பதில் கோளாறு இருப்பதைக் காட்டும் அளவுக்கு மதிப்பெண் பெற்றவர்கள் 1995-இல் 12.7 சதவீதம், மூன்று ஆண்டில் 29.2. அதிர்ச்சியான எண்தான். அதே திரையை அதே மூன்று ஆண்டுகள் பார்த்த அவர்களுடைய அண்ணன் தம்பிகளைப் பற்றி அதில் ஒரு எண் கூட இல்லை.

ஆகவே பள்ளியிலோ கல்லூரியிலோ இந்தத் தலைப்பில் சின்னதாக ஒரு கணக்கெடுப்பு செய்யப் போகிறவர்களுக்கு, அநேகமாக யாராவது இப்போதும் செய்துகொண்டிருப்பீர்கள், இரண்டு விஷயம். பெற்றோரிடம் கேட்டதையும் பிள்ளையிடம் கேட்டதையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள், தனித்தனியாக வைத்து எங்கே முட்டுகிறது என்று பாருங்கள், முட்டுகிற இடம்தான் சுவாரசியம். இன்னொன்று, ‘என்ன பார்ப்பாய்’ என்பதோடு நிறுத்தாமல், யாரோடு பார்ப்பாய், யார் வந்தால் சேனலை மாற்றுவாய், பார்ப்பதை யாரிடம் சொல்ல மாட்டாய் என்றும் கேளுங்கள். பெயர் எழுதாத தாளில், பையன்களிடமும் பெண்களிடமும் அதே வார்த்தைகளில்.